கோபுரம் சரிந்தால் ஏன் இவ்வளவு அழுகை?

கேள்வி: என் நான்கு வயது மகன், அடுக்கிய மரக்கட்டைகள் சரிந்தாலே தரையில் புரண்டு அழுகிறான். “ஆம்பளப் பிள்ளை அழலாமா?” என்று அதட்டினால் இன்னும் வீறிடுகிறான். என்ன செய்வது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அவன் அடம்பிடிக்கவில்லை; ஏமாற்றத்தைச் சொல்லத் தெரியாமல் தவிக்கிறான். உணர்ச்சிகளைக் கட்டுப்படுத்த உதவும் மூளையின் முன்பகுதி இருபது வயதைக் கடந்தும் வளர்ந்துகொண்டிருப்பதால், நான்கு வயதுப் பிள்ளை தானாகவே அமைதியடைய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. அடுத்த முறை அவன் அருகில் தரையில் அமர்ந்து, “இவ்வளவு நேரம் கட்டினது விழுந்துடுச்சே, கோபமா இருக்கா கண்ணு?” என்று கேட்டுவிட்டு, சற்று நேரம் பேசாமல் இருங்கள். உணர்ச்சிக்குக் ‘கோபம்’, ‘பயம்’ என்று பெயரிடும்போது, அச்சத்தோடும் பதற்றத்தோடும் தொடர்புடைய அமிக்டலா என்னும் மூளைப்பகுதியின் செயல்பாடு குறைவதை, அமெரிக்க உளவியலாளர் மேத்யூ லீபர்மன் குழுவினர் பெரியவர்களிடம் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில் கண்டார்கள். பிள்ளைக்கு அந்தப் பெயர்களைக் கற்றுத்தர வேண்டியவர்கள் நாம்தான். அவன் கட்டையை எறிந்தால் கையைப் பிடித்துத் தடுங்கள். அறிவுரையை அழுகை அடங்கிய பிறகு சொல்லலாம். ஆண்பிள்ளை அழக்கூடாது என்ற பேச்சை மட்டும் தயவுசெய்து இன்றோடு விட்டுவிடுங்கள். பொறுமையிழந்து கத்திவிட்ட நாளில், “அம்மா கத்தியிருக்கக் கூடாது” என்று அவனிடமே சொல்லி அணைத்துக்கொள்ளுங்கள்.