சந்தா கட்டினால்தான் கருத்தா?

வணக்கம் அண்ணா,

செய்தித் தளங்களில் கட்டுரையை விட்டுவிட்டுக் கீழே இருக்கும் கருத்துகளைத்தான் முதலில் படிப்பேன். இப்போது அங்கே சாதியும் வசவும்தான். தலைப்பில் வடசென்னை என்று இருந்தாலே ‘ரவுடிப் பசங்க’ என்று நாலு பேர் வந்துவிடுகிறார்கள். சந்தா கட்டியவர்கள் மட்டும்தான் எழுதலாம் என்று வைத்துவிட்டால் என்ன? காசு கொடுத்தவன் கண்டதையும் எழுத மாட்டானே.

– ஒரு வாசகர், பெரம்பூர்

வணக்கம் தம்பி,

காசு கொடுத்தவன் கண்டதையும் எழுத மாட்டானா? பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸப் குழு எதிலாவது ஒரு வாரம் இருந்து பாருங்கள்.

ஆனாலும் உங்கள் யோசனையில் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவின் டேப்லெட் என்ற யூத இதழ் 2015இல் இதைத்தான் செய்தது. படிக்கக் காசு இல்லை. கருத்து எழுத நாளைக்கு 2 டாலர், மாதத்துக்கு 18, வருஷத்துக்கு 180. பத்துப் போலிப் பெயரில் வந்து திட்டுகிறவனுக்குப் பெயருக்குப் பெயர் பணம் கட்ட மனசு வராது. அந்தக் கூட்டம் குறையும், சரி. கூடவே யார் யார் போவார்கள் என்பதுதான் என் கவலை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது நினைவிருக்கும். மீனவர்கள் படகில் போய் பக்கெட்டால் அள்ளினார்கள். அந்தச் செய்திக்குக் கீழே யார் பேச வேண்டும்? எண்ணெய் அள்ளியவரா, அண்ணா நகரில் உட்கார்ந்து படித்த சந்தாதாரரா? இரண்டு பேரும் பேசட்டும். ஆனால் கட்டணம் வைத்தால் முதல் ஆள் வரமாட்டார். ஜிபே தெரியாமல் இல்லை, காசிமேட்டில் மீனே அதில்தான் விற்கிறது. வலையும் படகும் பாழாகிக் கிடக்கிற மாதத்தில், தன் ஊரைப் பற்றித் தானே ஒரு வரி எழுத எவன் சந்தா கட்டுவான்? நம் ஏரியாவை யார் வேண்டுமானாலும் அலசலாம், ஏரியாக்காரன் மட்டும் டிக்கெட் எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்றாகிவிடும். நீங்கள் சொன்ன ‘ரவுடி’ கருத்துக்கு அப்புறம் பதில் சொல்ல ஆளே இருக்காது.

பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் 2016இல் தன் தளத்துக்கு வந்திருந்த 7 கோடி கருத்துகளை ஆராய்ந்தது. விதி மீறியதாகத் தடுக்கப்பட்டவை ஏறத்தாழ 14 லட்சம், அதாவது 2 சதவீதம். (அதிகமாக வசவு வாங்கிய பத்து எழுத்தாளர்களில் எட்டுப் பேர் பெண்கள். இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.) இந்த 2 சதவீதத்துக்காக மிச்சம் 98 சதவீதத்தை எழுதியவர்கள் ஏன் காசு கட்ட வேண்டும்?

நார்வேயில் என்ஆர்கேபீட்டா என்ற தளம் 2017இல் வேறு வழி பார்த்தது. கட்டுரையிலிருந்து மூன்று கேள்வி. சரியாகப் பதில் சொன்னால்தான் கருத்துப் பெட்டி திறக்கும். எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது. தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் பொங்குகிறவர்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள், செலவில்லாமல்.

அதிலும் தப்பித்து வருவதை ஒரு ஆள் உட்கார்ந்து படித்துத்தான் நீக்க வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். அதற்காகத் தளங்கள் சந்தா கேட்டால் நானே கட்டுவேன். ஆள் வைக்க முடியாத தளம் பெட்டியை எல்லாருக்குமாக மூடிவிடட்டும். அமெரிக்காவின் பொது வானொலியான என்பிஆர் 2016இல் தன் தளத்தில் மூடியது. ஆசிரியருக்குக் கடிதம் எழுத ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தால் எனக்குப் போதும்.