உகாண்டாவுக்குப் போகலாமா, பணத்தை அனுப்பிவிடலாமா?

கேள்வி: மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். எங்கள் சி.எஸ்.ஐ. சபையிலிருந்து பன்னிரண்டு பேர் இரண்டு வார ஊழியத்துக்கு உகாண்டா போகிறோம். ஜிஞ்சாவுக்கு வடக்கே உள்ள கிராமங்கள். மூன்று நாள் மருத்துவ முகாம், பிள்ளைகளுக்கு வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதாகமப் பள்ளி, ஒரு நாள் அனாதை இல்லம் என்று திட்டம். ‘சுவிசேஷம் எட்டாத கிராமங்கள்’ என்று நோட்டீஸ் அடித்துக் காணிக்கை சேர்க்கிறார்கள். ஆளுக்கு ஒன்றரை லட்சம் ஆகிறது. அந்தப் பணத்தை அங்கே அனுப்பிவிட்டால் என்ன என்று மனம் உறுத்துகிறது. போகவும் ஆசை. அம்மாவுக்கு எபோலா பயம். நான் என்ன செய்யட்டும்? (பெயர் வேண்டாம்)

பதில்: அன்புத் தங்கைக்கு,

போய் வாருங்கள். ஆனால் இப்போது போட்டிருக்கும் திட்டத்தோடு போகாதீர்கள். அதை மாற்றச் சொல்ல உங்கள் குழுவிலேயே தகுதியான ஆள் நீங்கள்தான்.

முதலில் அந்த நோட்டீஸ். நீங்கள் போகும் பகுதியின் பெயர் புசோகா. இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிப் பேராயர் ஜேம்ஸ் ஹன்னிங்டன் 1885ல் கொல்லப்பட்டது அந்த மண்ணில்தான். இன்று உகாண்டாவில் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள். அங்கிருந்தே மிஷனரிகள் புறப்பட்டுப் போயிருக்கிறார்கள். அப்போலோ கிவெபுலாயா என்ற உகாண்டாக்காரர் 1896ல் இன்றைய காங்கோவில் இருக்கும் போகாவுக்குப் போனார். அடிபட்டார், சிறையில் கிடந்தார், ஆனாலும் அந்த மக்களை விடவில்லை. 1933ல் அங்கேயே இறந்தார். ‘எட்டாத கிராமங்கள்’ என்று அச்சடித்த தாளை அந்த ஊர் மூப்பர் ஒருவர் கையில் கொடுக்க உங்களுக்கு மனம் வருமா? வராது என்றால் காணிக்கைக்காகவும் அதை அடிக்கக் கூடாது.

அடுத்து, உங்களை அழைத்தது யார்? சி.எஸ்.ஐ.யும் உகாண்டா திருச்சபையும் ஒரே ஆங்கிலிக்கன் குடும்பம். ஜிஞ்சாவில் புசோகா திருமண்டலம் இருக்கிறது. அவர்களிடமிருந்து ‘இன்ன வேலைக்கு இத்தனை பேர் வாருங்கள்’ என்று ஒரு கடிதம் வந்திருக்கிறதா என்று உங்கள் ஆயரிடம் கேளுங்கள். கேட்பது அவமரியாதை இல்லை. கடிதம் இல்லையென்றால் பயணத்தைத் தள்ளிவைத்து, முதலில் எழுதிக் கேட்கட்டும். கிராமத்தில் இறங்கியதும் எல்.சி. ஒன் சேர்மனைப் பார்க்க வேண்டும். நம் ஊராட்சித் தலைவர் மாதிரி. அவருக்குத் தெரியாமல் கூட்டம் கூட்டினால் தர்மசங்கடம் உள்ளூர் போதகருக்குத்தான்.

வெள்ளாளன்விளையில் பிறந்து பின்னாளில் பேராயரான வேதநாயகம் அசரியா 1910ல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் பேசியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மிஷனரிகளின் தியாகத்தை மனதாரப் போற்றிவிட்டு, கடைசியில் ‘எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்’ என்று கேட்டார். அன்று கேட்கும் இடத்தில் நாம் இருந்தோம். இன்று டிக்கெட் எடுப்பது நாம். உங்களை அங்கே ‘முயிண்டி’, அதாவது இந்தியர் என்று கூப்பிடுவார்கள். ஜிஞ்சா பக்கம் கடைகளும் கக்கிரா சர்க்கரை ஆலையும் இந்தியர்கள் நடத்தியவை. 1972ல் இடி அமீன் ஆசியர்களை விரட்டினார், பிறகு பலர் திரும்பி வந்தார்கள். அதனால் பல வீடுகளில் இந்தியர் என்றால் முதலாளி. நீங்கள் உட்கார்ந்து அவர்களோடு போஷோ எனும் சோளமாவுக் களியும் பீன்ஸும் சாப்பிடுவதை அவர்கள் கவனிப்பார்கள். பெண்கள் முழங்காலிட்டு வணக்கம் சொன்னால் பதறிப்போய்த் தூக்கிவிடாதீர்கள், அது அவர்கள் வழக்கம்.

இப்போது முகாம். உங்கள் கேள்வியில் எனக்கு அதிகம் கவலை தந்தது இதுதான். மூன்று நாளில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு பி.பி. பார்ப்பீர்கள். ஒரு பாட்டிக்கு 190 இருக்கும். பத்து நாளைக்கு அம்லோடிபின் கொடுப்பீர்கள். பதினோராம் நாள் அந்தப் பாட்டிக்கு மாத்திரை யார் தருவார்கள்? உங்கள் வார்டில் ஒரு நோயாளியை இப்படி விட்டுவிட்டு ஷிஃப்ட் முடிந்தது என்று கிளம்புவீர்களா? இன்னொன்றும் உண்டு. பக்கத்து அரசு ஹெல்த் சென்டரில் ஒரு நர்ஸ் வருஷம் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். அடிக்கடி மருந்து தீர்ந்துபோகும். வெளிநாட்டுக்காரர்கள் பை பையாக மாத்திரை கொடுத்துவிட்டுப் போன பிறகு, ‘ஸ்டாக் இல்லை’ என்று அவர் சொன்னால் ஜனங்களுக்குக் கோபம் அவர் மேல்தான் திரும்பும்.

சட்டமும் இருக்கிறது. வெளிநாட்டு டாக்டரும் நர்ஸும் அங்கே சிகிச்சை தர அந்நாட்டு கவுன்சில்களில் அனுமதி வாங்க வேண்டும். ஜிஞ்சாவிலேயே நடந்த ஒரு விஷயம்: மருத்துவப் படிப்பே இல்லாத ஒரு அமெரிக்கப் பெண் ஊழியத்துக்கென்று வந்து, ஊட்டச்சத்துக் குறைந்த பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தினார். பிள்ளைகளைப் பறிகொடுத்த இரண்டு தாய்மார்கள் 2019ல் வழக்குத் தொடர்ந்தார்கள், 2020ல் அது சமரசத்தில் முடிந்தது. அதற்குப் பிறகு அந்த ஊரில் யாராவது ஸ்டெதாஸ்கோப்போடு இறங்கினால் சந்தேகமாகப் பார்ப்பது நியாயம்தானே?

அப்படியானால் உங்கள் கைத்தொழிலை வைத்து என்ன செய்வது? ஹெல்த் சென்டர் பொறுப்பாளருக்கு முன்கூட்டியே எழுதச் சொல்லுங்கள். அனுமதியோடு அந்த நர்ஸுக்குக் கீழே நில்லுங்கள். பிரசவத்தில் அழாத குழந்தைக்கு முதல் நிமிடத்திலேயே பேக்-மாஸ்க் வைத்து மூச்சு கொடுப்பது உங்களுக்குக் கைவந்ததென்றால், அவர்கள் விரும்பினால் சேர்ந்து பயிற்சி செய்யலாம். மருந்து கையிருப்பு நோட்டைச் சரிபார்க்க உதவலாம். வீடு வீடாகப் போகும் கிராம சுகாதாரத் தொண்டர்களோடு ஒரு நாள் நடக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் விரலில் குத்திச் சோதித்து, மலேரியா என்றால் கோஆர்ட்டெம் மாத்திரை கொடுக்கும் வேலையை அவர்கள்தான் செய்கிறார்கள். தங்கச்சி, பிள்ளைகளின் கடுமையான மலேரியாவை மதுரையில் நீங்கள் எத்தனை பார்த்திருப்பீர்கள்? அங்குள்ள நர்ஸுக்கு அது அன்றாடம். கற்றுக்கொள்ளும் மனதோடு போனால் இரண்டு வாரம் போதாது. 1897ல் கம்பாலாவில் மெங்கோ மருத்துவமனையைத் தொடங்கிய குழுவில் இருந்த நர்ஸ் காதரின் டிம்ப்சன், பின்னாளில் உகாண்டாப் பெண்களுக்கு மருத்துவச்சிப் பயிற்சி கொடுத்தார். வெள்ளைக்காரர் கிளம்பிய பிறகும் அந்தப் பெண்கள் ஊரில் இருந்தார்கள்.

அனாதை இல்ல நாளை எடுத்துவிடச் சொல்லுங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. அப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமையால் விடப்பட்டவர்கள். ஒரு நாள் மடியில் வைத்துக் கொஞ்சி, படம் எடுத்து, ஸ்டேட்டஸ் போட்டுவிட்டுக் கிளம்புவது அந்தப் பிள்ளைக்கு இன்னொரு பிரிவு. உள்ளூர் சண்டே ஸ்கூல் டீச்சர்கள் வி.பி.எஸ். நடத்தட்டும், உங்கள் குழு கூட நிற்கட்டும்.

பணம். பன்னிரண்டு பேருக்குப் பதினெட்டு லட்சம். உங்கள் உறுத்தல் சரியானது, ஆனால் முழுவதையும் அனுப்பிவிட்டு வீட்டில் இருந்துவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். முகம் பார்த்துப் பழகாத உறவு ஒரு ரசீதோடு நின்றுவிடும். நான்கு பேர் போனால் போதும், அதிலும் அடுத்த வருஷமும் அதே ஊருக்குப் போகத் தயாராக இருப்பவர்கள். மீதியை திருமண்டலம் தரும் பட்டியல்படி அனுப்புங்கள். பட்டியலில் நாம் எதிர்பார்க்காதது இருக்கலாம், போதகருக்கு ஒரு பைக் கேட்கலாம். அதையே வாங்கிக் கொடுங்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: உகாண்டாவில் எபோலா அவ்வப்போது வந்திருக்கிறது, கிளம்பும் வாரம் நிலவரம் பார்த்து முடிவெடுக்கலாம். ஆனால் உங்களுக்கு நிஜமான ஆபத்து கொசுவும் சாலையும்தான். இரவுப் பயணமும், போடா-போடா எனும் பைக் டாக்சியும் வேண்டாம். விக்டோரியா ஏரியில் காலை நனைக்காதீர்கள், தண்ணீரிலிருந்து தோல் வழியே ஏறும் பில்ஹார்சியா என்ற புழு நோய் ஒட்டிக்கொள்ளும். மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பத்து நாளாவது முன்னால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற அங்கீகரித்த மையத்தில் போட்டு, அந்த அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். அது இல்லாமல் திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். மலேரியாத் தடுப்பு மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, திரும்பி வந்த பிறகும் அவர் சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். அப்புறம் மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், டியூட்டி டாக்டரிடம் ‘உகாண்டா போய் வந்தேன்’ என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லி, அன்றே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.