பச்சிலை மருந்து ஆட்டின் குடற்புழுவைக் கொல்கிறதா? நீங்களே சோதிக்கலாம்

கேள்வி: சென்னை செங்குன்றம் பக்கம் 24 ஆடுகள் வளர்க்கிறேன். மழைக்காலம் முடிந்ததும் இரண்டு ஆடுகளுக்குத் தாடைக்குக் கீழே நீர் கோத்துக்கொண்டது. கழிச்சல் இல்லை. எப்போதும் வாங்கும் பூச்சி மருந்தைக் கொடுத்தும் சரியாகத் தேறவில்லை. வேப்பிலை, குப்பைமேனி, பூண்டு அரைத்து ஊற்றச் சொல்கிறார் என் பெரியம்மா. ஆடுதின்னாப்பாளையையும் சேர்க்கச் சொல்கிறார் பக்கத்துக் கொட்டகைக்காரர். இவை வேலை செய்கின்றனவா என்று நானே தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் முதலில் அந்த இரண்டு ஆடுகளையும் இன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சோதனை மற்ற ஆடுகளில்தான்.

கழிச்சல் இல்லாமல் தாடை வீங்கினால் எனக்கு முதல் சந்தேகம் ஹீமாங்கஸ் என்ற புழுவின் மேல்தான். நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். ஒரு புழு நாளுக்கு 0.05 மில்லி என்றால், ஆயிரம் புழு இருக்கும் ஆடு தினமும் 50 மில்லி இரத்தத்தை இழக்கிறது. ஒரு பெண் புழு நாளுக்கு 5,000 முட்டைக்கு மேல் இடும். வடகிழக்கு மழையில் நனைந்த புல்லில் குஞ்சுப் புழுக்கள் ஏறி நிற்கும். உங்கள் பூச்சி மருந்து அல்பெண்டசோல் வகையாக இருந்தால், அந்த வகைக்கு மசியாத ஹீமாங்கஸ் தமிழ்நாட்டுப் பண்ணைகளிலும் பதிவாகியிருக்கிறது என்பதையும் மனதில் வையுங்கள்.

இனி பச்சிலை. ஆடுதின்னாப்பாளையை விட்டுவிடுங்கள். ஆடே தின்னாது என்று பெயரிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள்! அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் உண்டாக்கும். புழுவைக் கொல்வது மட்டும் போதாது, ஆடும் பிழைக்க வேண்டுமே. பெரியம்மா சொன்ன மூன்றும் நம் நாட்டு வைத்தியத்தில் புழுவுக்கு வெகுகாலமாகப் புழங்குபவை, சோதித்துப் பார்க்கத் தகுந்தவை.

ஆய்வகத்தில் இலைச் சாற்றில் புழு முட்டையைப் போட்டு, பொரிகிறதா என்று பார்ப்பார்கள். அங்கே ஜெயித்த இலை ஆட்டுக்குள் தோற்பது சகஜம். ஊற்றிய சாறு முதலில் அசையூண் இரைப்பையில் (ஆட்டின் முதல் இரைப்பை) பல லிட்டர் தண்ணீரில் கரைந்து, நுண்ணுயிர்கள் சிதைத்தது போக மிச்சம்தான் நான்காம் இரைப்பைக்குப் போகும். தயாரிக்கும் விதமும் முக்கியம். சீனாவின் தூ யூயூ மலேரியாவுக்குச் சிங்காவ் செடியைச் சோதித்தபோது, சூடாக்கி எடுத்த சாறு சரியாக வேலை செய்யவில்லை. ஊறவைத்துப் பிழியச் சொன்ன பழைய வைத்தியக் குறிப்பைப் பார்த்துத்தான் குறைந்த வெப்பத்தில் சாறு எடுத்தார். 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதனால் பச்சையாக அரைத்ததா, கொதிக்க வைத்ததா, எத்தனை கிராம் என்று எழுதி வைத்து, ஒவ்வொரு முறையும் அதையே செய்யுங்கள். அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் சோதனை. பகல் வெளிச்சத்தில் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். இரத்தம் குறைந்து இமையின் உட்புறம் வெளுத்துப்போன ஆடு எதுவானாலும் மருத்துவரிடம் போகட்டும், சினை ஆடுகளையும் சேர்க்க வேண்டாம். மீதி 20 ஆடு தேறும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றின் ஆசனவாயிலிருந்தும் கையுறையோடு பத்து கிராம் புழுக்கை எடுத்து, காது எண்ணை எழுதி, ஐஸ் பெட்டியில் வைத்து (உறையவிடக் கூடாது) அன்றே ஆய்வகத்தில் கொடுங்கள். நம் வெயிலில் விட்டுவைத்தால் முட்டை பொரிந்து எண்ணிக்கை குறைந்துவிடும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஒட்டுண்ணியியல் துறையில் விசாரியுங்கள். ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்று எண்ணித்தரக் கேளுங்கள். ‘முட்டை இருக்கிறது’ என்று மட்டும் எழுதித் தந்தால் உங்களுக்குப் பயன் இல்லை.

முட்டை அதிகமுள்ள ஆட்டிலிருந்து வரிசைப்படுத்தி, ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு கூட்டம் பிரியுங்கள். பத்துக்குப் பச்சிலை மருந்து, பத்துக்குத் தண்ணீர் மட்டும். எல்லாம் ஒரே இடத்தில் மேயட்டும். பதினான்காம் நாள் மறுபடி எண்ணச் சொல்லுங்கள்.

தண்ணீர்க் கூட்டம் எதற்கு என்று பலர் சலித்துக்கொள்வார்கள். உதாரணமாக, மருந்து கொடுத்த கூட்டத்தில் சராசரி 1,800 முட்டை 1,100 ஆகிறது. பரவாயில்லையே என்று தோன்றும். தண்ணீர்க் கூட்டமும் 1,700லிருந்து 1,050 ஆகியிருந்தால்? இலை எதுவும் செய்யவில்லை, முட்டை தானாகவே ஏறி இறங்கியிருக்கிறது. கடை மருந்து நன்றாக வேலை செய்தால் 95 சதவீதமாவது குறைய வேண்டும். பச்சிலைக்கு நான் அவ்வளவு எதிர்பார்க்க மாட்டேன். ஆனால் தண்ணீர்க் கூட்டத்தைவிடத் தெளிவாகக் குறைந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. மருந்து ஊற்றிய மறுநாள் புழுக்கையில் அரிசி போல வெள்ளையாக விழுந்ததை எடுத்துக் காட்டி ‘பார், செத்துப்போச்சு’ என்பார்கள். அது நாடாப்புழுவின் துண்டு. இரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸை அப்படிக் கண்டுபிடிக்க முடியாது.

சோதனை நடக்கும் இரண்டு வாரமும் மூன்று நாளுக்கு ஒருமுறை இமையைப் பாருங்கள். எது வெளுத்தாலும், எந்தக் கூட்டமானாலும், உடனே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அந்த ஆட்டின் எண்ணைக் குறிப்பில் எழுதிவிடுங்கள்.