அந்த அறையில் ஒருவர் இருக்கிறார்

கேள்வி: உடம்பில் கையை வைத்து ஆற்றல் செலுத்தும் ரெய்கி சிகிச்சையில் இரண்டாம் நிலை வரை பயிற்சி முடித்திருக்கிறேன். வீட்டிலேயே சின்னதாக ஒரு சிகிச்சை மையம் தொடங்க ஆசை. என்ன பெயர் வைக்கலாம், கட்டணம் எவ்வளவு வாங்கலாம், ‘எல்லா நோய்களுக்கும் தீர்வு’ என்று பலகையில் போடலாமா? குளியலறையோடு சேர்ந்த நல்ல அறை இருக்கிறது. பக்கவாதம் வந்த மாமனார் இப்போதைக்கு அதில் படுத்திருக்கிறார், அவரை ஹாலுக்கு மாற்றிவிட்டால் போதும். பேச்சு சரியாக வராது, அதனால் ஒன்றும் சொல்ல மாட்டார். கணவருக்கும் சம்மதம். ரெய்கியின் ஐந்து வாக்கியங்களை ஃபிரேம் போட்டு மாட்டப்போகிறேன். உங்கள் ஆலோசனை வேண்டும்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

பெயரும் கட்டணமும் அப்புறம். வீட்டில் தொழில் தொடங்குவதைப் பற்றி எனக்கு வராத கடிதம் இல்லை, தையல், டியூஷன், அழகு நிலையம், இப்போது ரெய்கி. எல்லாவற்றிலும் முதலில் இடம் தேடுவார்கள், அந்த இடம் பெரும்பாலும் வீட்டில் குரல் குறைந்தவருடையதாகத்தான் இருக்கும். ஆனால் “ஒன்றும் சொல்ல மாட்டார்” என்று ஒரு வசதியைப் போல எழுதியவர் நீங்கள்தான். அந்த வரியை மூன்று தடவை படித்தேன், மூன்று தடவையும் கோபம்தான் வந்தது. சொல்ல மாட்டார் இல்லை மகளே, சொல்ல முடியாது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் நீங்கள் யாருக்கு என்ன சிகிச்சை செய்யப்போகிறீர்கள்?

படுக்கையில் கிடக்கிற ஒருவருக்கு அறை என்றால் என்ன என்று யோசித்தீர்களா? படுக்கைப்புண் வராமல் இருக்க அடிக்கடி புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். துணி மாற்ற வேண்டும், உடம்பு துடைக்க வேண்டும், மலஜலம் எடுக்க வேண்டும். இதெல்லாம் இனி ஹாலில், உங்களிடம் நிம்மதி தேடி வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழையும் வழியில் நடக்கும். என் அப்பா கடைசியில் எட்டு மாதம் படுக்கையில் இருந்தார். வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டார், துடைத்துக்கொண்டிருக்கும்போது யாராவது கதவைத் திறந்தால் மட்டும் தாங்க மாட்டார், கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். கதவு ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்த மரியாதை. உங்கள் மாமனாருக்கும் அப்படித்தான் இருக்கும். அந்தக் கதவைத்தான் கேட்கிறீர்கள், அதோடு சேர்த்துக் குளியலறையையும்.

கணவருக்குச் சம்மதமாம். அவருடைய அப்பா அல்லவா? இந்தப் பதிலை அவரையும் படிக்கச் சொல்லுங்கள்.

இப்போது அந்த ஐந்து வாக்கியங்களுக்கு வருகிறேன். மிகாவோ உசுய் 1922-இல் ஜப்பானில் தொடங்கிய முறை இது. இன்று மட்டும் கோபப்படாதே, கவலைப்படாதே, நன்றியோடு இரு, உன் வேலையை உழைத்துச் செய், மனிதர்களிடம் அன்பாக இரு என்பவை அவர் காலத்து வாக்கியங்கள். ஜப்பானுக்கு வெளியே ரெய்கி பரவியது பெரும்பாலும் ஹவாயைச் சேர்ந்த ஹவாயோ தகாதா என்ற பெண்மணி வழியாக. அவரே நோயாளியாக ஜப்பானுக்குப் போய், உசுயின் மாணவர் சுஜிரோ ஹயாஷியின் சிகிச்சையகத்தில் படுத்துத் தேறி, அங்கேயே கற்றுக்கொண்டவர். தகாதா சொல்லிக்கொடுத்த ஐந்தில் ஒன்று, பெற்றோரையும் ஆசிரியர்களையும் முதியோரையும் மதி என்பது. உங்களிடம் இருக்கும் தாளிலும் அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஒரு முதியவரை வெளியேற்றிய அறையின் சுவரில் அதை எப்படி மாட்டுவீர்கள்?

பலகை விஷயம். ‘எல்லா நோய்களுக்கும் தீர்வு’ கூடவே கூடாது. அது பொய், நம்பி வருகிறவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் அந்தப் பாவம் உங்களைச் சேரும். 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு சோதனை வெளியானது. ரெய்கி இல்லை, ‘தெரபியூட்டிக் டச்’ என்ற முறை, உடம்பைச் சுற்றியுள்ள ஆற்றலைக் கையால் உணர்கிறோம் என்பவர்கள். அவர்களில் 21 பேரை, எமிலி ரோசா என்ற சிறுமி, ஒரு மறைப்புக்கு அடியில் இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னாள். தன் கையை அவர்களுடைய எந்தக் கைக்கு மேலே வைத்திருக்கிறாள் என்று அவர்கள் பார்க்காமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 280 தடவையில் 123 தடவை சரியாகச் சொன்னார்கள். காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தாலே 140 பக்கம் வந்திருக்கும்.

சரி, அப்படியானால் போய் வருகிறவர்கள் மனசு லேசாக இருக்கிறது என்கிறார்களே, அதுவும் பொய்யா? இல்லை. ஒரு மணி நேரம் ஒருவர் அவசரமில்லாமல், போனைப் பார்க்காமல், உன் தலையிலும் தோளிலும் கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கிறார். அப்படி யாரும் தொட்டு எத்தனையோ வருஷம் ஆனவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது பெரிய விஷயம். நீங்கள் கொடுக்கப்போவது அந்தக் கவனம்தான், அதற்குக் கட்டணம் வாங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நோயைத் தீர்க்கிறேன் என்று சொல்லாதீர்கள், டாக்டர் கொடுத்த மருந்தைத் தொடரச் சொல்லுங்கள், எங்கெல்லாம் கை வைப்பீர்கள் என்று முன்பே சொல்லிச் சம்மதம் கேளுங்கள். இவற்றைச் செய்தால் அது நாணயமான வேலை.

ஆனால் அந்தக் கவனம் இன்று உங்கள் வீட்டில் யாருக்கு மிக அதிகமாகத் தேவைப்படுகிறது? எழுதிய கடிதம் முழுவதும் தேடினேன், மாமனாருக்கு ஒரு தடவை ரெய்கி செய்தேன் என்று ஒரு வார்த்தை இல்லை. முதல் நிலை முடிந்ததும் உங்களுக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் செய்து பழகச் சொல்லியிருப்பார்களே! வராத வாடிக்கையாளருக்கு அறை பார்த்தாயிற்று, பத்தடி தள்ளிப் படுத்திருப்பவர் மேல் கை படவில்லை.

இடம்தான் பிரச்சினை என்றால் வழி இருக்கிறது. அழைப்பவர் வீட்டுக்கே போய்ச் செய்யுங்கள், இல்லை மணிக்கணக்கில் வாடகைக்கு ஓர் அறை பாருங்கள். இரண்டாம் நிலையில் தூரத்திலிருந்தே ரெய்கி அனுப்பக் கற்றுத்தந்திருப்பார்கள், உங்கள் நம்பிக்கைப்படியே பார்த்தாலும் அதற்கு அறையே வேண்டாம்.

இன்று மாலை அவரிடம் போய் உட்காருங்கள். கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் என்ன செய்ய நினைத்தீர்கள் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள், இங்கேயே இருக்க வேண்டுமா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் கையை அழுத்தச் சொல்லலாம், அதுவும் முடியாவிட்டால் கண்ணை மூடித் திறக்கச் சொல்லலாம். பதில் வர நேரமாகும். எழுந்து போய்விடாதீர்கள்.