நீரோட்டம் இழுக்கும்போது படகின் முனையை எங்கே பிடிப்பது?

நாகை அக்கரைப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "நேர் கிழக்கே 12 கடல் மைலில் வலை விடும் இடம். காம்பஸில் 90 டிகிரி பிடித்துத்தான் போகிறோம், ஆனால் பங்குனியில் வடக்கே தள்ளிப் போய் நிற்கிறோம். எத்தனை டிகிரி திருப்பணும்? திரும்பி வரும்போதும் அதே கணக்கா?"

காம்பஸ் மேல் பழி போடாதீர்கள் தம்பி. படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கிழக்கே போகிறது, அந்தத் தண்ணீரோ மொத்தமாக வடக்கே ஓடுகிறது; இரண்டு வேகத்தையும் திசையோடு சேர்த்துக் கூட்டினால் கிடைப்பதுதான் உங்கள் நிஜமான பாதை. பள்ளியில் படித்த திசையன் கூட்டல் இதுதான்.

படகு 8 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்), நீரோட்டம் வடக்கே 2 நாட் என்று வைத்துக்கொள்வோம். 90-லேயே போனால் ஒன்றரை மணி நேரத்தில் 12 மைல் கிழக்கே வந்திருப்பீர்கள், கூடவே 3 மைல் வடக்கேயும். இதைச் சரிக்கட்ட, உங்கள் 8 நாட்டில் 2 நாட் தெற்கு நோக்கி இருக்கிற மாதிரி முனையைச் சாய்க்க வேண்டும். சைன் மதிப்பு 2/8, அதாவது 0.25, கோணம் 14.5 டிகிரி. ஆக 104, 105 பிடியுங்கள். கிழக்கே மிஞ்சுவது √(64−4), சுமார் 7.75 நாட். பயணம் 1 மணி 33 நிமிடம், மூன்று நிமிடம்தான் கூடுதல்.

நீரோட்டம் சாய்வாக வந்தால் இந்தச் சுருக்கு வழி உதவாது. தாளில் வரைந்துவிடுங்கள்: புறப்படும் புள்ளியிலிருந்து போக வேண்டிய கோடு, அதே புள்ளியிலிருந்து நீரோட்டத் திசையில் 2 செ.மீ., அதன் நுனியில் கவராய முள்ளை ஊன்றி 8 செ.மீ. விரித்துப் போக வேண்டிய கோட்டை வெட்டுங்கள். நுனியிலிருந்து வெட்டிய இடத்துக்குப் போகும் திசைதான் முனையின் திசை.

இனி திரும்பி வருவது. நிறைய பேர் 104.5-ஐ அப்படியே திருப்பிப் போட்டு 284.5 என்று பிடிப்பார்கள், அது தப்பு. தண்ணீர் இன்னும் வடக்கேதான் ஓடுகிறது, நீங்களும் வடக்கே சாய்ந்தால் இரண்டும் சேர்ந்து 4 நாட். கரை வரும்போது ஆறு மைல் வடக்கே நிற்பீர்கள். மறுபடியும் தெற்கே சாய்க்க வேண்டும்: 270−14.5, அதாவது 255, 256.

சரி, நீரோட்டம் 2 நாட் என்று எப்படித் தெரியும்? வலை விட்டு இன்ஜினை நிறுத்தியதும் ஜி.பி.எஸ். காட்டும் வேகத்தையும் திசையையும் குறித்துக்கொள்ளுங்கள், காற்று பலமில்லாத நாளில் அது போதும். ஓடும்போது ஜி.பி.எஸ். காட்டுவது படகு நகரும் திசையை, முனை பார்க்கும் திசையை அல்ல. அதைக் காம்பஸில்தான் பார்க்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் எல்லாம் தலைகீழ், நீரோட்டம் தெற்கே திரும்பிவிடும், போகும்போது 75 பிடிக்க வேண்டியிருக்கும். அந்த மாதங்களில் வலையை விட்டுவிட்டு ஆறு மணி நேரம் கண் அசந்தால், 2 நாட்டில் 12 மைல் கோடியக்கரைப் பக்கமாக இறங்கியிருப்பீர்கள், அங்கே இலங்கை எல்லைக் கோடு பக்கம், ஜி.பி.எஸ்.ஸில் அலாரம் வைத்துவிட்டுப் படுங்கள்.