அம்மாயியின் பெயர் எங்கே?

மதிப்புக்குரிய சேருக்கு,

நான் மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். ஹட்டனில் ஊடக டிப்ளோமா படிக்கிறேன். கடைசித் தவணைக்காக நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து பன்னிரண்டு நிமிடப் பேய்ப் படம் ஒன்று எடுத்திருக்கிறோம். தோட்டத்து வரிசை வீடுகளில் நடக்கிற கதை, பெயர் 'ஆறாம் நம்பர் லயம்'. படத்தோடு ட்ரெய்லர், போஸ்டர், சஞ்சிகை அட்டை மூன்றும் கொடுக்க வேண்டும். லண்டனில் ஏ லெவலில் ஊடகம் படித்த மாமா மகன் தன்னுடைய வேலையை அனுப்பினான். அதைப் பார்த்துத்தான் செய்தோம். சஞ்சிகை அட்டையை ஆங்கில சினிமா சஞ்சிகை மாதிரியே போட்டிருக்கிறோம்.

பேயாக நடித்தது என் அம்மாயி, அம்மாவின் அம்மா. அதனால் மேக்கப் செலவு இல்லை. எங்கள் கேள்விகள் இவைதான். போஸ்டரில் படத்தின் பெயர் சிவப்பிலா, வெள்ளையிலா? ட்ரெய்லர் எவ்வளவு நேரம் இருக்கலாம்? அதில் பேயின் முகத்தைக் காட்டலாமா? 'காணவில்லை' என்று நோட்டீஸ் அடித்து பஸ் நிலையத்தில் ஒட்டலாமா? அமெரிக்காவில் ஒரு படத்துக்கு அப்படிச் செய்து பெரிய வெற்றி என்று படித்தோம். எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவி (பெயர் போட வேண்டாம் சேர்)

அன்புள்ள மகள்,

வருகிற எல்லாக் கடிதங்களுக்கும் நான் பதில் எழுதுவதில்லை. உன்னுடையதுக்கு உடனே எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. என் மேசைக்கு எதிரே ஒரு கலண்டர் தொங்குகிறது. கடையில் சாமான் வாங்கியவர்களுக்குக் கொடுத்தது. அதில் ஒரு பெண் கொழுந்து எடுக்கிறாள். புதுச் சேலை, பெரிய பொட்டு, வாய் நிறையச் சிரிப்பு. இடுப்பில் சுற்றிக் கட்டுகிற படங்கு இல்லை. விரலில் கறை இல்லை. இந்தப் பெண் யார், எந்தத் தோட்டம், இப்படி ஒரு படம் அச்சாகிக் கடை கடையாகத் தொங்குவது அவளுக்குத் தெரியுமா என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அந்த நேரத்தில்தான் உன் போஸ்டர் வந்தது. அதிலும் கூடையோடு ஒரு பெண்.

முதலில் ட்ரெய்லரைச் சொல்கிறேன். நன்றாக இருக்கிறது. வீட்டு முன்னால் இஸ்தோப்பில் வைத்த வாளியில் தண்ணீர் சொட்டுகிறது, சொட்டு நிற்கிறது, பிறகு உள்ளே காம்பரா அறையில் தாழ்ப்பாள் மெதுவாக நகர்கிறது. அந்த இடத்தில் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதை எடுத்த பிள்ளைக்குக் கண் இருக்கிறது, காதும் இருக்கிறது. ஆனால் அதற்கு அடுத்த நொடியே முகத்தைக் காட்டி, கீச்சென்று ஒரு சத்தத்தைப் போட்டு எல்லாவற்றையும் கெடுத்துவிட்டீர்கள். அந்தச் சத்தம் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது. அதை இதற்கு முன் பல படங்களில் கேட்டிருக்கிறேன். வாளிச் சொட்டு உங்களுடையது. அதோடு நிறுத்து.

எத்தனை நொடி என்பதெல்லாம் பெரிய விஷயமில்லை. சொல்ல வேண்டியது முடிந்ததும் வெட்டு, அவ்வளவுதான். இயக்குநர் ஹிட்ச்கொக் 1960இல் தன் 'சைக்கோ' படத்துக்கு ஆறு நிமிடத்துக்கும் மேலே ஓடுகிற ஒரு ட்ரெய்லர் போட்டார். படத்தின் காட்சி எதையும் அதில் காட்டவில்லை. வீடு காட்ட வந்த தரகர் மாதிரி அவரே அந்த வீட்டுக்குள் நடக்கிறார், இங்கேதான் நடந்தது என்கிறார், பாதி சொல்லி நிறுத்துகிறார். கடைசியில் குளியலறைத் திரையை இழுக்கிறார், ஒரு பெண் அலறுகிறாள். கதையில் என்ன நடக்கிறது என்பது கடைசிவரை அவர் வாயிலேயே இருக்கிறது. இதைப் பார், போதும். வேறு பாடம் வேண்டாம்.

உண்மையில் ட்ரெய்லருக்குப் படமே தேவையில்லை என்பது என் கட்சி. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, இலங்கை வானொலியில் கேட்டு வளர்ந்தேன். வர்த்தக சேவையில் புதுப் படங்களுக்கு விளம்பர நிகழ்ச்சி போகும். படத்தின் வசனத்தில் கொஞ்சம், பாட்டில் கொஞ்சம், நடுவில் அறிவிப்பாளரின் குரல். எங்கள் லயத்தில் ரேடியோ ஒரு வீட்டில்தான் இருந்தது. அந்த வீட்டு அண்ணன் அதை இஸ்தோப்புத் திண்ணையில் வைப்பார். நாங்கள் சுற்றி உட்காருவோம். ஒரு பேய்ப் படத்துக்கு ஒருநாள் விளம்பரம் போனது. கதவு கிறீச்சிட்டது, கொலுசு கேட்டது, ஒரு பெண் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் எப்படி இருப்பாள் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பேய். எனக்கு வந்தது பீலிக்கரையில் நிற்கிற ஒருத்தி. அதற்குப் பிறகு பல நாள் இருட்டியதும் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகமாட்டேன் என்று அம்மாவிடம் அடி வாங்கினேன். படம் ஊர்த் தியேட்டருக்கு வந்தபோது போய்ப் பார்த்தோம். வெள்ளைச் சேலை, விரித்த தலைமுடி. நண்பர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. என் பேயை அவர்கள் எடுத்துக்கொண்டு வேறு எதையோ தந்துவிட்டார்கள் என்று.

இப்போது போஸ்டருக்கு வருவோம். அதிலும் அதே வெள்ளைச் சேலையையும் விரித்த தலைமுடியையும்தானே போட்டிருக்கிறாய்? எங்கள் ஆட்களுக்குப் பயமா இல்லை? இயந்திரத்தைக் காக்கிற சாமி ரோதைமுனிக்குப் பூசை வைக்காமல் ஃபெக்டரியில் ரோதையைச் சுற்றவிடாத ஆட்கள். காமன் கூத்தில் காமன் எரிந்த இரவில் வீட்டு வாசலில் நின்று கும்பிட்ட ஆட்கள். மஸ்கெலியாவில் இருக்கிறாய், பழைய மஸ்கெலியா எங்கே என்று உனக்குத் தெரியும். மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள். தண்ணீர் வற்றுகிற காலத்தில் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் சேற்றிலிருந்து எழுந்து நிற்பதை உன் வீட்டு முற்றத்திலிருந்து பார்க்கலாம். அதை விட்டுவிட்டு எங்கிருந்தோ ஒரு பேயைக் கொண்டுவந்து லயத்தில் குடிவைத்திருக்கிறாய்.

அதோடு தகரக் கூரையில் மழை. இரவு முழுக்க அடித்தால் லயத்தில் யார் தூங்குகிறார்கள்? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போன பிறகு, சுவரில் புதிதாக ஒரு கோடு விழுந்தால் எல்லோரும் விரலால் தடவிப் பார்க்கிறார்கள். அந்த மரணத்தை வைத்துப் படம் காட்டு என்று சொல்லவில்லை. தயவுசெய்து அதைச் செய்யாதே. ஆனால் உன் படத்தில் பத்தாவது நிமிடத்தில் அந்தச் சுவர்க் கோடு வருகிறது. பாதி இருட்டில், மெழுகுதிரி வெளிச்சத்தில். அதுதான் போஸ்டர். முகமே வேண்டாம். கோடும் கீழே பெயரும் போதும். ஹட்டன் பஸ் நிலையத்தில் நிற்கிறவர்கள் அதைப் பார்த்தவுடனே புரிந்துகொள்வார்கள்.

சரி, நான் உண்மையில் சொல்ல வந்தது இனிமேல்தான்.

நீ அனுப்பிய போஸ்டரைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழே சின்ன எழுத்தில் பெயர்கள். இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலி, தயாரிப்பு. ஐந்து பேரும் இருக்கிறீர்கள். ட்ரோன் தந்தவருக்கு நன்றி இருக்கிறது. லண்டன் மாமா மகனுக்கு நன்றி இருக்கிறது. போஸ்டரின் முக்கால்வாசியை நிறைத்துக்கொண்டு நிற்கிற உன் அம்மாயியின் பெயர் எங்கே? இரண்டு முறை தேடினேன். இல்லை. கடிதத்திலும் இல்லை. 'அதனால் மேக்கப் செலவு இல்லை' என்று மட்டும் இருக்கிறது.

மகள், அந்த வரியை மறுபடி ஒருமுறை படித்துப் பார். வேடிக்கையாகத்தான் எழுதியிருப்பாய், எனக்குத் தெரியும். ஆனால் வெயிலிலும் பனியிலும் நின்ற முகம், மேக்கப் இல்லாமலே பயமுறுத்தும் என்று நீ சொல்கிறாய். அந்தச் சுருக்கம் எப்படி வந்தது? உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பத்தானே?

லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரத் துரை 1867இல் தேயிலை போட்டார் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அவருடைய படமும் பெயரும் இருக்கின்றன. அவரோடு அந்த மலையில் நின்றவர்களின் பெயர் எந்தப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது? பிறகு விளம்பர காலம் வந்தது. 1926 முதல் 1933 வரை பிரிட்டனில் எம்பயர் மார்க்கெட்டிங் போர்ட் என்று ஒன்று இருந்தது. சாம்ராச்சியத்துப் பொருட்களை வாங்குங்கள் என்று அங்கே சுவர் சுவராகப் போஸ்டர் ஒட்டியவர்கள். அதில் இலங்கையில் கொழுந்து எடுக்கிற பெண்களும் இருக்கிறார்கள். 1930களில் ஜோர்ஜ் மன்னர் காலத்துத் தபால் முத்திரையிலும் கொழுந்து எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தேயிலைப் பெட்டியில், பக்கெட்டில், விமானத்தில் தருகிற சஞ்சிகையில், ஹோட்டல் சுவரில், இதோ என் கலண்டரில். முகம் உலகம் முழுக்கப் போனது. அதே பெண்களுக்கு 1948இல் குடியுரிமை இல்லை என்று சட்டம் வந்தது. படம் எடுக்க ஆள் வேண்டும், பட்டியலில் பெயர் வேண்டாம்.

அந்த வரிசையில் இத்தனை காலம் வெளியாட்கள் நின்றார்கள். துரை, கம்பெனி, சுற்றுலாக்காரர். இப்போது நீயும் போய் நிற்கிறாய். அவர்கள் சிரிக்க வைத்தார்கள், நீ கண்ணைச் சிவப்பாக்கியிருக்கிறாய். பெயரை எடுத்துவிட்டது மட்டும் மாறவே இல்லை. நீ அந்த அம்மாயியின் பேத்தி. அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

அம்மாயி நடித்ததைச் சும்மா நின்றது என்று நினைக்கிறீர்களா? ட்ரெய்லரில் கதவருகே திரும்புகிற இடத்தைப் பார். முதலில் தோள் திரும்புகிறது, பிறகு கழுத்து, கண் கடைசியில்தான் வருகிறது. முதுகில் கூடை இருக்கிறவர் அப்படித்தான் திரும்புவார். இது கொழும்பிலிருந்து ஒரு நடிகையைக் கூட்டி வந்தாலும் வராது. அவர் உங்கள் படத்தின் நாயகி. போஸ்டரில் முதல் பெயர் அவருடையதாக இருக்க வேண்டும், உன் பெயருக்கு மேலே. முழுப் பெயர். 'அம்மாயி' என்று செல்லமாகப் போட்டுத் தப்பிக்காதே.

சஞ்சிகை அட்டையைப் பற்றி நீ கேட்கவே இல்லை. ஆனால் அங்கேதான் வழி இருக்கிறது. போஸ்டர் கதையின் இடம், அட்டை நடிகரின் இடம். அட்டையில் இருக்கிறவர் வாசிக்கிறவரின் கண்ணை நேரே பார்ப்பார், அதற்காகத்தான் கையில் எடுக்கிறோம். நீங்கள் அங்கே கமராவோடு உங்கள் ஐந்து பேரையும் நிறுத்தியிருக்கிறீர்கள். எடுத்துவிடு. ஆங்கிலச் சஞ்சிகையின் பெயரையும் எடுத்துவிடு, அது மஸ்கெலியாவில் எந்தக் கடையில் தொங்கும்? மலைமுரசு, தீர்த்தக்கரை, கொழுந்து என்று நம் மலையகத்திலேயே சஞ்சிகைகள் வந்திருக்கின்றன. அந்த வழியில் நீயே ஒரு பெயர் வை. நடுவில் அம்மாயி. பேய் வேஷம் வேண்டாம், அவருக்குப் பிடித்த சேலையில், முகத்தைக் கழுவி, பகல் வெளிச்சத்தில். பக்கத்தில் பெயர், கீழே 'ஆறாம் நம்பர் லயம் நாயகி பேசுகிறார்'. உள்ளே பக்கம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு பேட்டி எடுத்து எழுதி வை. ஆசிரியர் அதற்குப் புள்ளி தருவாரோ மாட்டாரோ, எழுது.

'காணவில்லை' நோட்டீஸ் கூடவே கூடாது. நீ படித்தது 1999இல் வந்த 'பிளேர் விட்ச்' படத்தின் கதை. நடித்த மூன்று பேரின் சொந்தப் பெயரையே போட்டுக் காணாமல் போனதாகச் சொன்னார்கள். அவர்களில் ஒரு பெண்ணின் தாய்க்கு அனுதாப அட்டைகள் வந்தன. தங்களுக்குச் சேர வேண்டியதைத் தாருங்கள் என்று அந்த மூவரும் 2024இலும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது அவர்கள் நாட்டுக் கதை. நம் நாட்டில் 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் தாய்மார் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருவோரம் உட்கார்ந்தார்கள். இங்கிருந்து கொழும்புக்கு வேலைக்குப் போய்த் திரும்பாத பிள்ளைகளின் வீடுகளும் மலையில் இருக்கின்றன. ஹட்டன் பஸ் நிலையத்தில் அந்த நோட்டீஸைப் பார்த்து ஒரு தாய் நின்று முகத்தை உற்றுப் பார்த்தால் என்ன சொல்வாய்? அச்சுக்குக் கொடுத்திருந்தால் இன்றைக்கே போய் நிறுத்து. காசு போனால் போகட்டும்.

சிவப்பா வெள்ளையா என்று கேட்டாய். சுவரில் ஒட்டி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார். எது வாசிக்க வருகிறதோ அதைப் போடு.

எல்லாம் முடிந்ததும் போஸ்டரை முதலில் ஆசிரியருக்கு அனுப்பாதே. வீட்டில் அம்மாயியிடம் கொடு. தன் பெயரைத் தானே வாசிப்பாரோ, நீ வாசித்துக் காட்ட வேண்டுமோ, எனக்குத் தெரியாது. பிடிக்கவில்லை என்றால் மாற்று. அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது, அடுத்த கடிதத்தில் உன் பெயரையும் போட்டு எழுது.

அன்புடன்,
சேர்