வாசகர் கேள்வி – பதில்: கறுப்புக் கட்டைகளே போதும்

கேள்வி: என் மகனுக்குப் பெருமூளை வாதம். வயது பதினொன்று. விரல்கள் மடங்கியே இருப்பதால் கீபோர்டில் முஷ்டியால்தான் தட்டுகிறான். நாலைந்து கட்டைகள் சேர்ந்து அழுந்தி அபஸ்வரமாகக் கேட்கிறது. அவனே முகம் சுளித்துக் கையை எடுத்துவிடுகிறான். வேறு வாத்தியம் பார்க்கலாமா?
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: வேண்டாம், அதே கீபோர்டே போதும். ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல் அதை அவன் முஷ்டிக்கு ஏற்றபடி மாற்றிவிடலாம்.

கறுப்புக் கட்டைகளை மட்டும் வாசித்தால் அது மோகன ராகம். மூன்று மூன்றாக இருக்கும் கறுப்புக் கூட்டத்தில் இடது ஓரத்தில் இருப்பது, ஸ்ருதிக் கணக்கில் நாலரைக் கட்டை (F#). அதை ஷட்ஜமாக, அதாவது ‘ச’வாக வைத்தால் ச, ரி, க, ப, த வரிசையாக வந்துவிடும். இந்த ஐந்தில் எந்த இரண்டுக்கும் நடுவில் அரைக்கட்டை நெருக்கம் (ஒட்டியிருக்கும் வெள்ளை, கறுப்புக் கட்டைகளுக்கு இடையே உள்ளது) கிடையாது. சேர்த்து அழுத்தும்போது நாராசமாக ஒலிப்பது பெரும்பாலும் அந்த நெருக்கம்தான். ஆகவே முஷ்டியால் மூன்றை ஒன்றாகத் தட்டினாலும் காதை உறுத்தாது.

கூடவே அழுந்தும் வெள்ளைக் கட்டைகளைத் தடுக்க வேண்டும். அவற்றின் முன்விளிம்புக்குக் கீழே உள்ள இடைவெளியில், மடித்த அட்டையை நீளவாக்கில் செருகுங்கள். சாதாரண கீபோர்டில் கட்டை ஏறக்குறைய 1 செ.மீ. இறங்கும்; அந்த இறக்கம் அடைபட்டால் போதும். செருகியபின் ஒவ்வொரு வெள்ளைக் கட்டையையும் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். சத்தம் வந்தால் அந்த இடத்தில் அட்டையின் கனம் போதவில்லை. கட்டை மேலே தூக்கி நின்றால் கனம் அதிகம். ஒரு மடிப்பைக் குறையுங்கள், இல்லையென்றால் கட்டை உடையும்.

பிறகு ட்ரான்ஸ்போஸ் (எல்லாக் கட்டைகளின் ஸ்ருதியையும் ஏற்றி இறக்கும் அமைப்பு) பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அது மாறியிருந்தால் ஸ்ருதிப் பெட்டியோடு சேரவே சேராது. அழுத்தும் வேகத்துக்கு ஏற்பச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டச் ரெஸ்பான்ஸை அணைத்துவிடுங்கள். மெதுவாக அழுத்தினாலும் முழுச் சத்தம் வரும். அழுத்திய கையை எடுக்க அவனுக்கு நேரமாகும் என்றால் பியானோ ஒலியை வையுங்கள், தானே அடங்கிவிடும். ஆர்கன் ஒலி கையை எடுக்கும்வரை ஓயாது. வயலின் கூட்டொலி போல மெல்ல எழும் ஒலிகளைத் தவிர்ப்பது நல்லது. தட்டிய கணத்தில் ஒலி வந்தால்தான் ‘இது நான் செய்தது’ என்பது அவனுக்குப் புரியும்.

கீபோர்டு நெஞ்சுக்கு நேர் நடுவில் இருக்கட்டும். பக்கவாட்டில் வைத்தால் தலை திரும்பும். இந்தக் குழந்தைகளில் சிலருக்குத் தலை திரும்பிய பக்கத்துக் கை விறைத்து நீளும், மறு கை மடங்கிக்கொள்ளும். அப்புறம் அவன் எவ்வளவு முயன்றாலும் கை வராது. பாதங்கள் தரையிலோ பலகையிலோ பதிந்திருக்க வேண்டும். முழங்கைக்கும் தாங்கல் வேண்டும். கீபோர்டுக்கு அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு போடுங்கள்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும்: அவன் கையைப் பிடித்து நீங்கள் வாசிக்காதீர்கள். ஸ்ருதிப் பெட்டியை நாலரைக் கட்டையில், பஞ்சம ஸ்ருதியில் (ச-வோடு ப ஒலிப்பது) ஓடவிட்டுக் காத்திருங்கள்.

மோகனம் பழகியபின் கீபோர்டில் எதையும் தொடாமல் ஸ்ருதியை மட்டும் ஐந்தரைக்கு மாற்றினால் மத்யமாவதி, ஒன்றரைக்கு மாற்றினால் சுத்த சாவேரி. ஆறரைக் கட்டையில் மத்யம ஸ்ருதி (ப-வுக்குப் பதில் ம ஒலிப்பது) வைத்தால் ஹிந்தோளம். அதே கட்டைகள், அதே முஷ்டி, நாலு ராகம்!

கேள்வி: டிரம் குச்சி என் தங்கை மகளின் கையில் நிற்பதில்லை. கட்டிவிடலாமா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: இறுக்கிக் கட்டாதீர்கள். விரும்பும்போது விட்டுவிடவும் அவளால் முடிய வேண்டும். ஏசி குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ஃபோம் உறையை ஒரு சாண் வாங்கிக் குச்சியின் பிடியில் மாட்டுங்கள். பிடி பருத்தால் விரல் அதிகம் மடங்க வேண்டியதில்லை. குச்சி பாதி நீளம் இருந்தால் எடை மணிக்கட்டை இழுக்காது. அப்படியும் நழுவினால் புறங்கை வழியாகத் தளர்வான வெல்க்ரோ பட்டை போடலாம். ஒரு விரல் உள்ளே நுழையும் அளவு இடம் விடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கழற்றித் தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். எதையும் வாயில் வைக்கும் பழக்கம் இருந்தால் ஃபோம்மேல் துணி உறை தைத்துவிடுங்கள். சின்ன மணிகள் கோத்த சலங்கை கூடவே கூடாது.

கேள்வி: எங்கள் சிறப்புப் பள்ளியில் மேக்கி மேக்கி பலகை (மின்சாரம் கடத்தும் எந்தப் பொருளையும் கணினியின் விசையாக்கும் சிறு மின்பலகை) வாங்கி அலுமினியத் தாளில் ஐந்து ‘கட்டைகள்’ செய்தோம். நான் தொட்டால் ஒலிக்கிறது. மாணவி தொட்டால் சில நேரம் ஒலிப்பதில்லை. சில நேரம் நிற்பதே இல்லை.
– ஓர் ஆசிரியை, மதுரை

பதில்: ஒலிக்காததற்குக் காரணம் எர்த். மிகச் சிறிய மின்னோட்டம் தொடுபவரின் உடல் வழியாக எர்த்துக்குத் திரும்ப வேண்டும். சோதிக்கும்போது நீங்கள் எர்த் கிளிப்பைப் பிடித்திருப்பீர்கள். அவளால் தொடர்ந்து பிடிக்க முடியாது. நோட்டு அளவு அட்டையில் அலுமினியத் தாளை நாலு மடிப்பாகச் சுற்றி, எர்த் கிளிப்பை அதில் மாட்டி, வாசிக்காத கையின் முழங்கைக்குக் கீழே வையுங்கள். சட்டைக் கையை மடித்துவிட்டுத் தோல் படும்படி பாருங்கள். தோல் வறண்டிருந்தால் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் போதும். ஒற்றைத் தாளில் கிளிப் கடித்தால் கிழிந்து, அசையும்போதெல்லாம் இணைப்பு விட்டுப்போகும்.

நிற்காததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். எச்சில் அல்லது வியர்வை இரண்டு தாள்களை ஒன்றாக இணைத்துவிடும். நடுவில் 5 செ.மீ. இடைவெளி விட்டு, அடிக்கடி துடையுங்கள். இல்லையென்றால் கையைத் தாளிலேயே ஊன்றியிருப்பாள். கணினிக்கு அது விசையை அழுத்திப் பிடித்திருப்பது போல. ஒலி திரும்பத் திரும்ப வரும். கணினியின் விசைப்பலகை அமைப்பில், இப்படித் திரும்பத் திரும்ப வரச் செய்யும் கீ ரிப்பீட்டை அணைத்துவிடுங்கள். குழந்தையின் உடல் இணைந்திருப்பதால், வாசிக்கும் நேரம் முழுக்க லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி வைப்பது நல்லது.

கேள்வி: ஆட்டிசம் உள்ள என் மகள் பஜனையில் ஜால்ரா கேட்டதும் காதைப் பொத்துகிறாள். இசையே பிடிக்காதோ?
– ஒரு தந்தை, தஞ்சாவூர்

பதில்: அப்படி முடிவு கட்டாதீர்கள். கூர்மையான உலோக ஒலி, அதுவும் எப்போது வரும் என்று தெரியாமல் வருவதுதான் பெரும்பாலும் தாங்க முடியாதது. ஜால்ராவின் உள்விளிம்பில் துணி டேப் ஒட்டுங்கள்; ஓசை மழுங்கும். ஒலிக்கும் முன் ஜால்ராவைத் தூக்கிக் காட்டுங்கள். பிறகு அதை அவள் கையிலேயே கொடுங்கள். எப்போது தட்டுவது என்பது அவள் முடிவு என்றானபின் பல குழந்தைகள் அதே ஒலியைப் பொறுத்துக்கொள்கிறார்கள். அப்படியும் காதைப் பொத்தினால் அன்றைக்கு விட்டுவிட்டு, கடம் போன்ற தணிந்த ஒலிக்குப் போங்கள்.